பிள்ளை மடுவத்து முடிச்சுகள்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், உன் சுகத்துக்கும் ஆண்டவனை வேண்டுகிறோம் என்று தொடங்குவதுதான் நம் வீட்டுக் கடித வழக்கம். இந்தத் தடவை அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். இது தோட்டத்துக்கே பெட்டிசம் எழுதிய கை, தம்பி. துரைக்கு எழுதியிருக்கிறேன், லேபர் ஒபிசுக்கு எழுதியிருக்கிறேன், லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று மந்திரிக்கே எழுதியிருக்கிறேன். எங்கேயும் பேனா நின்றதில்லை. உனக்கு எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது, ஏழெட்டுத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. தாளை வைத்து அடுப்பு மூட்டும் அளவுக்கு நாம் எப்போது பணக்காரர் ஆனோம் என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். இந்தத் தாளைக் கிழிக்க மாட்டேன்.

உன் கடிதம் போன கிழமை வந்தது. வழக்கம்போல அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹட்டனில் மண்டபம் எடுத்தாயிற்று, நுவரெலியாவிலிருந்து பெண் வீட்டார் இரண்டு வேனில் வருகிறார்கள், உன் பள்ளிக்கூடத்து மாஸ்டர்மார் தனியாக வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தேன். பிறகு அந்த வரி வந்தது. 'வாசலில் நின்று பெண் வீட்டாரை வரவேற்கவும் ஆரத்தி எடுக்கவும் சின்னம்மா நிற்கட்டும். அம்மாவுக்குக் களைப்பாக இருக்கும். அம்மா உள்ளே வசதியாக உட்கார்ந்திருக்கட்டும்.' நான் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நடுவுல ஒரு எடத்த விட்டுட்டீங்க" என்றாள்.

இல்லையே என்றேன்.

"எனக்குப் பேருதாங்க மறக்கும். ஒங்க மூஞ்சி மறக்காது. படிங்க."

படித்தேன். கேட்டுவிட்டுக் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். புள்ள சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தங்கச்சியே நிற்கட்டும் என்றாள். பரிசம் போட்ட அன்று உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணை முதலில் சுமதி என்றும் பிறகு வசந்தி என்றும் அவள் கூப்பிட்டதும், பெண்ணின் அம்மா சிரித்தபடி, "நம்ம சுகந்திங்க" என்று திருத்தியதும், நீ தலையைக் குனிந்துகொண்டு பலகாரத் தட்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் எதையும் கவனிக்காமல் இருக்கிறாள் என்றுதானே நீ நினைத்தாய்? நானும் வருஷக்கணக்காக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று பின்னேரம் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பெத்த தாயை மூலையில் உட்கார வைக்கச் சொல்கிறானே, இவனுக்கு எவ்வளவு தைரியம் என்று, போட்டிருந்த சட்டையோடு றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கி நடந்தேன். அடுத்த ரயிலில் நானுஓயா வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, உன் பள்ளிக்கூடத்து வாசலில் வைத்தே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திட்டம். ரயில் பிந்திவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது. ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். உன் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம் நாங்கள் உட்கார்ந்த அதே வாங்கு. அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. அந்த வரியை எழுதிய பேனா மட்டும்தான் உன்னுடையது, சொல்லிக் கொடுத்தவன் நான். களைப்பு, கை வலி என்று மரியாதையாக ஒரு பொய்யைச் சொல்லி அவளைப் பின்னால் தள்ளும் வித்தையை நம் வீட்டில் தொடங்கி வைத்தவனே நான்தான். ரயில் வந்தது. நான் ஏறவில்லை.

பிள்ளை மடுவத்து வேலையை அம்மா ஏன் விட்டாள் என்று நீ ஒரு தடவை கேட்டாய். அப்போது நீ ஹட்டனில் சின்னம்மா வீட்டில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கிவிட்டது, பிள்ளைகளைத் தூக்க முடியவில்லை என்று சொன்னேன். கை வீங்கியது நிஜம். வேலை போனது அதனால் இல்லை. உண்மை என்ன என்று தெரியாமலே நீ மாப்பிள்ளையாகி மணவறையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு என்மேல் உனக்கு மரியாதை குறைந்தால் குறையட்டும்.

உன் அம்மா அந்த மடுவத்தில் எப்படி இருந்தாள் என்று உனக்குக் கொஞ்சமாவது தெரியும். நீயே அங்கே கிடந்து வளர்ந்தவன்தானே. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து கொழுந்தெடுக்க மலையேறும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவள் கையில் விட்டுவிட்டுப் போவார்கள். கைப்பிள்ளை, தவழ்கிற பிள்ளை, ஓடுகிற பிள்ளை என்று முப்பது நாற்பது இருக்கும். விட்டத்தில் வரிசையாகத் தொட்டில்கள், அவரவர் தாயின் பழைய சேலையில் கட்டியவை. எந்தப் பிள்ளை எந்த லயம், அதில் எத்தனையாவது காம்பரா வீடு, யாருக்குப் பால்மா ஒத்துக்கொள்ளாது, யார் தட்டிக் கொடுத்தால்தான் தூங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அழுகைச் சத்தத்தை வைத்தே பேர் சொல்வாள். தோட்டமே மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் தின்று கிடந்த அந்தப் பஞ்ச வருஷங்களில், இருந்த மாவைக் கஞ்சியாகக் கரைத்துக் கரைத்து ஊற்றி எல்லாப் பிள்ளைகளையும் இழுத்துப் பிடித்துவிட்டாள். அவள் மடுவத்திலிருந்து ஒரு பிள்ளைகூட மண்ணுக்குப் போகவில்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசும்போது அதையும் நான் என் சாதனைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வேன். தோட்டத்துத் தலைவர் இல்லையா, வெட்கமெல்லாம் பார்க்க முடியுமா?

மார்பில் கட்டி இருப்பதை அவள் ஏழெட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம்தான். வீட்டில் ஒரு பொம்பளை வலிக்கிறது என்று சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்கிற ஆளாக இருந்தேனா என்பதை நீயே யோசித்துப் பார். கடைசியில் தோட்டத்து மருந்தையா பார்த்துக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கத்து மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊசி. மூன்று கிழமைக்கு ஒரு தடவை கையில் குத்திச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து. கீமோ என்று வார்டில் ஊசி ஏற்றிய மிஸ்ஸி சொன்னார். முதல் இரண்டு தடவை நான் கூடப் போனேன். திரும்பி வரும்போது ரயிலில் வழி நெடுக வாந்தி. மூன்றாம் தடவையிலிருந்து, சங்க வேலை இருக்கிறது என்று சொல்லி உன் சின்னம்மாவை அனுப்பி வைத்தேன். சங்க வேலை இருந்தது என்பது பாதி உண்மை. மற்றப் பாதி, மொட்டைத் தலையில் முக்காடு போட்ட மனைவியோடு ரயிலில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஊசி முடிந்தது. முடி திரும்ப முளைத்தது. பழையபடி மடுவத்துக்குப் போகத் தொடங்கினாள். பிழைத்து வந்துவிட்டாள், இனி ஒன்றும் இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. சட்டி, சுளகு, விளக்கு என்று எதைச் சொல்ல வந்தாலும் வார்த்தை நின்றுவிடும். 'அது... அந்த அது...' என்பாள். சம்பலுக்கு உப்பு இரண்டு தடவை விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலையைப் பிடித்துக்கொள்வாள். வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால், என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நின்று யோசிப்பாள். ஆளைத் தெரியாமல் போகவில்லை, தம்பி. தெரிந்ததுதான் வெளியே வர நேரம் எடுத்தது. என்னதான் பண்ணுகிறது உனக்கு என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"பேரு நாக்கு நுனி வரைக்கும் வருதுங்க. அங்கயே உக்காந்துக்குது" என்றாள்.

கேட்டுவிட்டுச் சும்மாவாவது இருந்தேனா? தேத்தண்ணிக் கடையில் போய், எங்கள் வீட்டில் இப்போது எல்லாச் சாமானுக்கும் ஒரே பேர்தான், அது பேர் 'அது' என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். கூட்டாளிகள் விடுவார்களா? அடுத்த நாளிலிருந்து, தலைவரே, அது சுகமா, அது என்ன சமைத்தது என்று கேட்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்தும் கேட்டார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபடி அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது என்னால் தாங்க முடியவில்லை. நீ லீவுக்கு வந்தபோது உன்னிடமும் அதே பகிடியைச் சொன்னேன். நீயும் சிரித்தாய். பிறகு உன் கூட்டாளிகள் வந்த அன்று, அம்மா மாதிரி 'அது... அது...' என்று செய்து காட்டினாய். நான் உன்னை அதட்டவில்லை. நீ கல்யாணம் பண்ணப் போகிறவன், ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் வீட்டுக்காரியைப் பற்றி வெளியில் நாலு பேரைச் சிரிக்க வைக்காதே. அவளும் சேர்ந்து சிரித்தால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

மடுவத்தில்தான் அவளுக்குப் பயம் வந்தது. பிள்ளைகளின் பேர் தடுமாறத் தொடங்கியது. புதிதாகப் பிறந்ததுகளும் நாலைந்து வந்திருந்தன. ஒரு நாள் காலை நான் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் வந்து நின்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், எழுதி வைத்துப் பார்த்துக்கொள்ளவும் வழி இல்லை. பொம்பளைகள் வருவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் மடுவத்துக்கு வந்து, தொட்டில் தொட்டிலாக நின்று பேரைச் சொல்லிவிட்டுப் போகிறீர்களா, ஒரு தடவை காதில் விழுந்தால் அன்றைக்குப் பூராவும் சமாளித்துக்கொள்வேன் என்று கேட்டாள். பத்து நிமிஷம்தான் கேட்டாள், தம்பி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் என்னா கணக்கப்பிள்ளையா, தொட்டிலுக்குத் தொட்டில் பெரட்டுக் கூப்பிட? தலைவர் பொண்டாட்டிக்குப் புள்ளைங்க பேரு தெரியலன்னு ஊரு சிரிக்கவா?" ஊரைச் சிரிக்க வைத்தவனே நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்கவில்லை. தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தாயின் பழைய சேலையிலிருந்தும் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தாள். அதைத் தொட்டில் கயிற்றில் கட்டினாள். இரண்டாம் காம்பராப் பிள்ளை என்றால் இரண்டு முடிச்சு, ஆறாம் காம்பரா என்றால் ஆறு. மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளைக்குத் துண்டின் நுனியில் தனியாக ஒரு குட்டி முடிச்சு. துணியின் நிறம் தாயைச் சொல்லும், முடிச்சு காம்பராவைச் சொல்லும், இரண்டும் சேர்ந்தால் பேர் தானாக வாயில் வந்துவிடும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தடவித் தடவிப் பேர் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் ம்ம் என்றுவிட்டு வந்தேன். ஆக, அந்த முடிச்சு எதற்கு என்று தோட்டத்தில் அவளைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

தெய்வானையின் பிள்ளையும் அந்த மடுவத்தில்தான். அதற்கு ஒரு நாள் காய்ச்சலில் இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து நல்லபடியாக அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் யாரோ தொட்டில் முடிச்சுகளைப் பார்த்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமா? தாயின் சேலையைக் கிழித்து, பிள்ளையின் தொட்டிலில், எண்ணிப் போட்ட முடிச்சு. செய்வினை என்று லயத்துக்கு லயம் பேச்சு ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பதினைந்து இருபது பேர் கோயிலடிக்கு வந்துவிட்டார்கள், என்னிடம் முறையிட. பிராது என்றால் தலைவரிடம்தானே வர வேண்டும்? தெய்வானைதான் பேசினாள். அவள் சத்தம் போடவில்லை.

"தலைவரே, ஒங்க வீட்டம்மா எங்க புள்ளைங்க தொட்டில்ல முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. எதுக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பின்னாலிருந்து இன்னொருத்தி, மாரை இழந்தவளுக்குப் பால் கொடுக்கிறவளைப் பார்த்தால் வயிறு எரியாதா என்று சொன்னாள். அது அம்மாவின் காதிலும் விழுந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டதால் அவளும் வந்து நின்றிருந்தாள்.

கேட்டுச் சொல்ல என்ன இருக்கிறது? விடை என் வாயிலேயே இருந்தது. ஊசி மருந்துக்குப் பிறகு இவளுக்குப் பேர் தடுமாறுகிறது, உங்கள் பிள்ளை மாறிவிடக் கூடாது என்றுதான் கட்டியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவேன் என்று நம்பினாள். எனக்கோ வேறு கணக்கு. அடுத்த மாதம் தலைவர் தெரிவு. தலைவர் வீட்டில் மூளை கலங்கியவள் இருக்கிறாள் என்று ஒரு தடவை பேச்சு வந்தால் பிறகு அழியாது. சூனியக்காரி என்றால்கூட மறுத்துச் சண்டை போடலாம், பைத்தியம் என்றால் யார் பெண் கொடுப்பான், யார் மதிப்பான் என்றெல்லாம் புத்தி ஓடியது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இருக்கக் கூடாது என்றால் இருக்காது, வாருங்கள் என்று முன்னால் நடந்தேன். போகிற வழியில் வீட்டுக்குள் புகுந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டேன்.

தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுகிற கத்தி எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மனைவி கட்டிய துணித் துண்டை அறுக்க அது தேவையா? ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் எடுத்தேன். தொட்டில் தொட்டிலாக அறுத்தேன். அம்மா கதவோரத்தில் நின்றாள். ஜன்னலோரம் அடுத்தடுத்துக் கட்டியிருந்த இரண்டு தொட்டில்களிடம் வந்தபோது மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத மட்டும் விடுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்க. "ரெண்டு புள்ளையும் ஒரே சாடையா இருக்குங்க. எனக்குத் தெரியாமப் போயிரும்."

அதையும் அறுத்தேன். பெண்கள் திருப்தியாகக் கலைந்து போனார்கள். மறு நாள் கடையில், தலைவர் பொண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் நியாயம் செய்தார் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதைக் காதில் வாங்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். தம்பி, நீ மூன்று முடிச்சுப் போடப் போகிறாய். நானும் மூன்றுதான் போட்டேன். அன்று எத்தனை அறுத்தேன் என்று எண்ணவில்லை.

மூன்றாம் நாள் நடக்க வேண்டியது நடந்தது. பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து தாய்மார் இறங்கி வந்தார்கள். அம்மா ஜன்னலோரத்து இரண்டில் ஒன்றைத் தூக்கி மாற்றிக் கொடுத்துவிட்டாள். இரண்டாம் காம்பராப் பிள்ளை ஆறாம் காம்பராக்காரி மடிக்குப் போய்விட்டது. மடியில் போட்ட உடனேயே அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அவள் போட்ட கூச்சலில் துரை வரை போய்விட்டது. அப்போது இருந்தவர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த சிங்களத் துரை, கெட்ட மனுஷன் இல்லை. உன் மனைவியால் இந்த வேலையைச் செய்ய முடியுமா, முடியாதா, நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று என்னிடமே கேட்டார். கண் மங்கிய ஒரு கிழவிக்கு இலேசான வேலை கேட்டு மூன்று நாள் தோட்டத்தையே நிறுத்திப் போட்டவன் நான். அந்த ஒபிசில் நின்று, முடியாது துரை என்று நானே சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் கொழும்பில் செக்கப். சின்னம்மாவுக்குச் சுகமில்லாததால் நான் போக வேண்டி வந்தது. வரிசையில் ஒரு சிங்களப் பொம்பளை அம்மாவைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். கேகாலைப் பக்கத்துக்காரி, ஒன்றாக ஊசி ஏற்றிக்கொண்டவர்கள். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, நான்தான் நடுவில். அவள் சிரித்துச் சிரித்துத் தன் கதையைச் சொன்னாள். அரிசி போடாமலே உலையை இறக்கி வைத்தாளாம். மாட்டைப் புருஷன் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம், மாடும் வந்ததாம். நான் மொழிபெயர்த்ததும் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மட்டத் எஹெமய்" என்றாள், எனக்கும் அப்படித்தான் என்று. அந்த ஒரு வார்த்தையை அவளே சிங்களத்தில் சொன்னாள். பிறகு என்னிடம், எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அந்தப் பொம்பளையின் புருஷன் அடுப்படிச் சுவரில் கரியால் படம் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். முதலில் பானை, பிறகு தண்ணீர், பிறகு அரிசி, கடைசியில் மாடு. புருஷன் உதவுகிறான் என்று மட்டும் சொன்னேன். என்ன உதவி என்று கேட்டாள். முழுவதையும் என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அந்தப் பொம்பளையிடம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இளம் பையன், நேர்மையானவர். இந்த மருந்து ஏற்றிய சில பெண்கள் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், ஏன் என்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது, பைத்தியம் இல்லை, காலம் போகப் போகச் சிலருக்குக் குறையும், அதட்டாதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றார். ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிவிடுவது என்று ரயிலில் முடிவு பண்ணினேன். றொசல்லயில் இறங்கினோம். வழியில் கண்டவர்கள், என்ன தலைவரே, என்ன சொன்னார்கள் என்று கேட்டார்கள். எல்லாம் நல்லம் என்றேன். அவ்வளவுதான். அந்த முடிவு அங்கேயே கிடந்தது, வருஷம் எட்டாகிறது.

போன கிழமை ஸ்டேஷனிலிருந்து நனைந்து திரும்பி வந்த இரவு, அந்த முடிச்சுகளை நான் அறுத்தது பிழை என்று அவளிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். தலையைத் துவட்டத் துவாயைக் கொடுத்தாள்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு ஒங்களுக்கு என்னைய விட ஊருதான் பெருசாத் தெரிஞ்சிச்சு."

அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. தேற்றுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. கொஞ்ச நேரம் கழித்து, மாற்றிக் கொடுத்த அந்த இரண்டாம் காம்பராப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, எதிரே வந்தால் சிரிக்கிறது, அதன் பேர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளை, தம்பி. எனக்கு யாரும் ஊசி ஏற்றவில்லை.

போன ஞாயிறு கோயில் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். தலைவர் பதவி போய் வெகு காலம், யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை, நானாகத்தான் எழுந்தேன். முடிச்சு எதற்கு என்றும், தெரிந்துகொண்டே அறுத்தேன் என்றும் சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு தெய்வானை வந்தாள்.

"இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே சேலையக் கிழிச்சுக் குடுத்திருப்போமே, தலைவரே" என்றாள்.

எட்டு வருஷமாக நான் எந்த ஊருக்குப் பயந்தேனோ, அந்த ஊர் சொன்னது இது.

இனி உன் கல்யாண விஷயம். வாசலில் ஆரத்தித் தட்டோடு உன் அம்மாதான் நிற்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். வேனிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் பேரையும் அவளுக்குச் சொல்வேன், காதோடு காதாக இல்லை, எல்லாருக்கும் கேட்கும்படி. என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சுகந்தி வீட்டாருக்கு முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடு. சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அந்தப் பிள்ளை கையில் கொடு. கணவனாகப் போகிறவன் எந்த வீட்டில் வளர்ந்தான் என்று அவளும் தெரிந்துகொள்வது நல்லதுதான். தங்கச்சியே நிற்கட்டும் என்று அம்மா இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அவள் கை வேறு வேலை செய்கிறது.

பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு தினமும் உட்காருகிறோம். பரிசத்தன்று பெண் வீட்டில் யார் என்ன நிறம் உடுத்தியிருந்தார்கள் என்று அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. சுகந்தியின் அம்மாவுக்குப் பச்சைத் துண்டு, அப்பாவுக்கு வெள்ளை, மாமனுக்குக் கட்டம் போட்டது. பழைய துணியைக் கிழித்து ஒரு கயிறாக முடிந்துகொண்டே வருகிறாள். நான் பேரைச் சொல்கிறேன், அவள் முடிச்சுப் போடுகிறாள். நேற்று கயிற்றின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை கண்ணை மூடித் தடவி எல்லாப் பேரையும் சொன்னாள். ஓர் இடத்தில் மட்டும் நின்றாள், நான் எடுத்துக் கொடுத்தேன். சுகந்திக்குச் சிவப்புத் துண்டில் இரட்டை முடிச்சு. அந்தப் பேர் மட்டும் தப்பவே கூடாதாம்.

எல்லாம் சரி, நம்ம பயலுக்கு எது என்று கேட்டேன். அவள் நான் ஏதோ புரியாத பாஷை பேசியது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அவனுக்கு எதுக்குங்க முடிச்சு?" என்றாள்.

நாங்கள் இருவரும் சுகம்.

உன் அப்பா